டெல்டா வீட்டில் கரையான்: மரத்தை விடுங்கள், மண்ணைப் பாருங்கள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தும்போதுதான் பெரும்பாலும் விஷயம் தெரியவருகிறது. பின்பக்கச் சுவரில் தரையிலிருந்து ஒரு மண்கோடு கிளம்பி, வளைந்து நெளிந்து, நிலைக்கால் பக்கம் போய் மறைந்திருக்கும். நிலையைத் தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். கட்டைவிரலால் அழுத்தினால் பெயின்ட் தோல் அப்படியே உள்ளே போகும். அப்புறம் நடப்பது டெல்டாவில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். துடைப்பத்தால் கோட்டைத் தட்டிவிடுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, மேலே சுண்ணாம்பு அடிப்பது. ஆடிக்குள் கோடு திரும்ப வந்துவிடும். ஆசாரியைக் கூப்பிட்டு நிலையை மாற்றுவார்கள். "இந்தத் தடவை நல்ல தேக்கு" என்பார்கள். சில வருஷத்தில் அதிலும் கோடு ஏறும்.

மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால்தான் இந்தச் சண்டையில் தோற்கிறோம் என்பது என் கட்சி. நம் வீடுகளை அரிக்கும் கரையான் பெரும்பாலும் மண்ணில் குடியிருக்கிறது. மரத்துக்குச் சாப்பிடத்தான் வருகிறது. காவிரிப் படுகையில் அந்த மண் எப்படிப்பட்டது, எப்போது ஈரம் ஏறுகிறது, எப்போது வடிகிறது என்பதை ஒட்டித்தான் வீட்டைக் காக்கிற வேலையும் அமைய வேண்டும்.

முதலில் பூச்சியைப் பற்றி. வெள்ளை எறும்பு என்று சொல்லிப் பழகிவிட்டோமே தவிர, எறும்புக்கும் இதற்கும் ஒட்டுறவு கிடையாது. இது கரப்பான் பூச்சியின் வம்சம். எறும்பு இதற்குப் பரம விரோதி. கொல்லையில் எறும்பு வரிசையைக் கண்டதும் பவுடர் தூவுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். இந்தியாவில் சுமார் 300 வகைக் கரையான் உண்டு. அதில் வீட்டு மரத்துக்கு வருவது சில வகைகள்தான். இவற்றின் தோல் மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் உடம்பு காய்ந்து செத்துவிடும். அதனால்தான் மண்ணையும் எச்சிலையும் கழிவையும் குழைத்து ஒரு மண்குழாயைக் கட்டி, அதற்குள்ளேயே ஈரம் குறையாமல் போய்வருகிறது. கூடு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்றில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மூங்கில் கொத்துக்கடியில் இருக்கலாம். சுவரில் நாம் பார்ப்பது அங்கிருந்து இரை தேடிவந்த வேலைக்காரக் கூட்டம் மட்டும். மண்ணெண்ணெயில் சாவது அந்தச் சில நூறுதான். முட்டையிடும் ராணிக்கு இது சேதியாகக்கூடப் போய்ச் சேராது.

அதனால் கோட்டைக் கண்டதும் துடைப்பத்தை எடுக்காதீர்கள். அது எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே துப்பு. நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் விடுங்கள். உடைத்த இடம் ஈரமண்ணால் மூடியிருந்தால் நடமாட்டம் இருக்கிறது. மூடவில்லை என்பதற்காக நிம்மதியடைந்துவிடவும் முடியாது. வேறு வழி பிடித்திருக்கலாம். கோட்டின் அடி முனை தரையும் சுவரும் சேரும் இடத்தில் எந்த விரிசலில் போய் முடிகிறது என்று பார்த்து, சுண்ணாம்புக்கட்டியால் ஒரு குறி போட்டு வையுங்கள். பின்னால் மருந்து வைக்க வருகிறவருக்கு அந்தக் குறிதான் முகவரி.

இனி மண். பழைய டெல்டாவான கும்பகோணம், மாயவரம், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் பெரும்பாலும் வண்டல் களி. மேட்டூர் அணை 1934-இல் வந்து, கல்லணைக் கால்வாய் வெட்டிய பிறகு பாசனம் பெற்ற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் அதிகம். கரையானுக்கு இரண்டும் சரிதான், ஆனால் பிழைக்கும் விதம் வேறு. செம்மண் மேட்டில் காட்டிலும் தோப்பிலும் பரவலாகப் புற்று வைத்து வாழலாம். களிமண் வயலில் அது நடக்காது. மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கிற நன்செயில் கூட்டுக்குள் காற்று கிடைக்காது. அங்கே அதற்கு மிஞ்சுவது மேடு மட்டும்தான்: வரப்பு, ஆற்றுக்கரை, மூங்கில் கொத்து, தென்னந்தோப்பு, அப்புறம் நம்முடைய மனைக்கட்டு.

வெள்ளத்துக்குப் பயந்து நாம் மனையை உயர்த்திக் கட்டுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது அந்த உயரமே கரையானுக்கும் அடைக்கலமாகிவிடுகிறது. மேலே மூழ்காத மண். கீழே நாலைந்து அடியிலேயே ஊற்று. சிமென்ட் தரைக்கும் டைல்ஸுக்கும் அடியில் இருக்கும் மண் முழுக்க நனைவதுமில்லை, முழுக்கக் காய்வதுமில்லை. வெயில் படாது, உழவு கிடையாது, எறும்புத் தொல்லையும் குறைவு. கரையானைக் கேட்டால்கூட இதைவிட நல்ல இடம் சொல்லத் தெரியாது.

அந்த மண்ணுக்குள் நாமே விட்டுவைக்கும் சாப்பாடு வேறு இருக்கிறது. புது வீட்டுக்குக் கடைக்கால் போட்டு, பேஸ்மென்ட் கட்டி, உள்ளே மண் நிரப்பும் நாளில் நின்று பாருங்கள். மண்ணோடு மண்ணாகச் சவுக்குத் துண்டு, சென்ட்ரிங் பலகைச் சில்லு, சிமென்ட் காகிதப் பை, தேங்காய் மட்டை எல்லாம் உள்ளே போகும். மேஸ்திரியைக் கேட்டால் "மக்கிப் போயிடும் சார்" என்பார். மக்கும்தான், மக்க வைப்பதே கரையான்தான். அந்தச் சவுக்குத் துண்டு தீர்ந்ததும் அடுத்ததைத் தேடும். அடுத்தது மேலே இருக்கும் நிலை. இதற்கு மருந்தும் வேண்டாம், செலவும் வேண்டாம். மண் கொட்டும் அன்றைக்கு வீட்டுக்காரர் ஒரு கூடையோடு நின்று பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. செய்கிறவர்களைக் காண்பது அபூர்வம்.

தென்னை வேரும் இதே கதைதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யத்திலிருந்து பேராவூரணி வரை லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. தண்டை அறுத்து அப்புறப்படுத்துவதே பெரும்பாடாக இருந்த நேரத்தில் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க யாருக்குத் தெம்பு இருந்திருக்கும்? அப்படிக் கிடந்த தோப்பு மனையில் வீடு கட்டுகிறவர்கள், கட்டடத்துக்கு அடியிலும் சுற்றிலும் வரும் அடிக்கட்டைகளையாவது வேரோடு எடுத்துவிடுவது நல்லது. மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டால் கட்டை கண்ணுக்குத் தெரியாது, கரையானுக்குத் தெரியும்.

பழைய வீட்டில் கரையான் வராது என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. வந்து விழுந்த வீடுகள் இப்போது இல்லை. தப்பியவற்றை மட்டும் பார்த்துப் பெருமைப்படுகிறோம். ஆனால் தப்பிய வீடுகளில் கவனிக்க விஷயம் இருக்கிறது. முற்றத்துத் தூண் தரையில் நேரே ஊன்றியிருக்காது; அடியில் ஒரு கருங்கல் இருக்கும். மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே அந்தக் கல் வந்துவிட்டதால், கரையான் ஏறுவதானால் கல்லின் மேல் வெளிப்படையாகக் குழாய் கட்டித்தான் ஏற வேண்டும். காலையில் முற்றம் தெளிக்கிறவர் கண்ணில் அது படாமல் போகாது. பத்தாயத்துக்குக் கால் வைத்துத் தூக்கி நிறுத்தியதும் இதற்காகத்தான்; அடியில் குனிந்து பார்க்கலாம், கூட்டலாம். கூரையில் பனங்கை போட்டார்கள் என்றால் வயதான பனையின் வெளிப்புறக் கருப்பு வைரத்தை மட்டும் இழைத்துப் போட்டார்கள். நடுவிலிருக்கும் மெத்தென்ற சோற்றுப் பகுதியைத் தள்ளிவிடுவார்கள். தேக்கிலும் அப்படியே. வைரம் பாய்ந்த உள்மரத்தைக் கரையான் லேசில் தொடாது; வெளியில் இருக்கும் வெளிறிய பகுதியை ஆசையாகத் தின்னும். இன்றைக்குச் சின்ன மரமாக அறுத்து, வெளிறிய பகுதியும் சேர்ந்தே வரும் சட்டத்தைத் தேக்கு என்று விற்கிறார்கள். பெயர் தேக்குதான். பில்லைப் பார்ப்பதைவிட அறுத்த முனையில் நிறத்தைப் பார்ப்பது மேல்.

ஓலைக்கு மட்டும் இந்த வித்தை எதுவும் முழுக்கப் பலிக்கவில்லை. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது தேவார ஏடுகள் கரையான் புற்றால் மூடிக் கிடந்தன, செல்லரித்தது போக மிச்சமிருந்ததுதான் நமக்குக் கிடைத்தது என்பது ராஜராஜன், நம்பியாண்டார் நம்பி பெயர்களோடு சொல்லப்படும் வரலாறு. அதே ராஜராஜன் பெரிய கோவில் கணக்குகளைக் கல்லில் வெட்டினான், கெட்டிக்காரத்தனம்தான். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் சேர்த்துப் பொடித்து முடிச்சாகக் கட்டி வைப்பது நெடுநாள் வழக்கம். நிலப் பத்திரமும் பட்டாவும் வைத்திருக்கும் மரப்பெட்டிக்குள் வசம்பு முடிச்சு போடுவதில் தவறில்லை. புத்தகப் பூச்சி ஒதுங்கும். ஆனால் பெட்டி ஈரச்சுவரை ஒட்டித் தரையில் இருந்தால் வசம்பு எவ்வளவு போட்டும் புண்ணியமில்லை. பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளுங்கள்.

புது வீடுகளில் கரையான் நுழையும் இடங்கள் பெரும்பாலும் எல்லா வீட்டிலும் ஒன்றேதான். காங்கிரீட்டைத் தின்னாது என்பது சரி, ஆனால் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான விரிசல் போதும், உள்ளே வந்துவிடும். நிலையின் காலைத் தரைக்குள் இறக்கிப் பூசுவது முதல் தப்பு. அந்தக் கால் ஈரமண்ணைத் தொட்டுக்கொண்டே இருக்கும். குளியலறை நிலையில் கேட்கவே வேண்டாம். காலைத் தரைமட்டத்தில் காங்கிரீட்டின் மேலோ கல்லின் மேலோ நிறுத்தலாம். அந்த ஓர் அறைக்காவது மரத்தை விட்டுவிட்டு வேறு சட்டம் போடலாம். அடுத்தது தரைக்கடியில் போகும் ஒயர் பைப்பும் தண்ணீர்க் குழாயும். தரையைத் துளைத்து மேலே வரும் இடத்தில் சுற்றிலும் இடைவெளி இருக்கும். சிமென்ட் கலவையால் கெட்டியாக அடைக்காமல் அதன்மேல் பிளைவுட் அலமாரியை நிறுத்திவிடுகிறார்கள். பிளைவுட் விற்கிறவர் "வாட்டர் புரூஃப்" என்று சொல்வதைக் கரையான் புரூஃப் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். பசை நனையாது என்பதற்கும் கரையான் தின்னாது என்பதற்கும் சம்பந்தமில்லை. வெளியே சுவரோரம் வைக்கோல், விறகு, பழைய கீற்று சாத்தி வைக்கும் பழக்கம் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

இவ்வளவும் செய்தபின் மருந்து. கட்டடங்களில் கரையான் தடுப்புக்கு ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. மூன்று பகுதி: கட்டுமான முறை, கட்டும்போது மருந்து, கட்டிய வீட்டுக்கு மருந்து. அதில் வீட்டுக்காரர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது மருந்தின் பெயரைவிட அளவு. கட்டும்போது, தரை போடும் முன் மண்பரப்பில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலந்த மருந்து இறங்க வேண்டும். ஆயிரம் சதுர அடி வீடு என்பது சுமார் 93 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் 465 லிட்டர். கடைக்கால் சுவரின் பக்கவாட்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏழரை லிட்டர், அது தனி. இருபது லிட்டர் கேனோடு வந்து முழு வீட்டுக்கும் "ஆன்டி டெர்மைட்" அடித்துவிட்டு ஐந்து வருஷ கேரண்டி அட்டை கொடுத்துப் போகிறார் என்றால், அவர் மண்ணை நனைக்கக்கூட இல்லை.

கட்டிய வீட்டுக்குச் சுவரும் தரையும் சேரும் ஓரமாக 12 மில்லிமீட்டர் துளைகளை ஓரடிக்கு ஒன்றாகப் போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மெதுவாக இறக்க வேண்டும். சுவர் நீளம் 40 மீட்டர் இருந்தால் நூற்று முப்பதுக்கு மேல் துளை வரும். துளைகளை எண்ணிப் பாருங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். தரையடி மண் வரை துளை இறங்கியிருக்கிறதா என்பதும் முக்கியம். டைல்ஸையும் சிமென்ட்டையும் தாண்டாத துளையில் ஊற்றும் மருந்து கொஞ்ச நேரத்தில் மேலே ததும்பி நிற்கும், அதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

எப்போது செய்வது? இங்கேதான் டெல்டா வித்தியாசம். மழையிலும் ஈரமண்ணிலும் மருந்து வைக்கக் கூடாது என்பது பொது விதி. நம் ஊரில் மருந்து வைக்கிறவரைக் கூப்பிடுவதோ ஐப்பசியில், இறகு முளைத்த கரையானான ஈசலைப் பார்த்துப் பயந்து. அப்போது களிமண் குடிக்கிற அளவு தண்ணீரைக் குடித்திருக்கும். ஊற்றிய மருந்து இறங்காமல் பக்கவாட்டில் ஓடி, ஊற்றோடு கலக்கும். சரி, சித்திரை வெயிலில் செய்யலாமா என்றால் அதிலும் ஒரு சிக்கல். அதற்குள் களிமண் காய்ந்து வெடித்திருக்கும்; மருந்து மண்ணில் ஊறாமல் வெடிப்பின் வழியே அடியில் போய்விடும். மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. சம்பா அறுவடை முடிந்து, வாய்க்கால் வற்றி, வயல் இன்னும் பெரிதாக வெடிக்காத மாசி, பங்குனிதான் களிமண் ஊர்களுக்குச் சரியான காலம் என்று நினைக்கிறேன். பட்டுக்கோட்டைச் செம்மண் பக்கம் அவ்வளவு கெடுபிடி வேண்டாம். மழையைத் தவிர்த்தால் போதும். கோடையில் களிமண் சுருங்கும்போது சுவரை ஒட்டிப் போட்ட சிமென்ட் தளம் பிரிந்து ஓர் இடைவெளி விழும். அதை ஆடிக்கு முன்னால் அடைத்துவிட வேண்டும். அதுவும் ஒரு வாசல்தான்.

எந்த மருந்து என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஒரு காலத்தில் ஆல்ட்ரின், குளோர்டேன், பி.எச்.சி. பவுடர் என்று மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். மண்ணில் பல வருஷம் அழியாது என்பதே அப்போது பெருமை. அதற்காகவே 1990-களில் இந்தியாவில் தடை செய்தார்கள். அடுத்து வந்த குளோர்பைரிபாஸை இன்றும் பலர் கொண்டுவருகிறார்கள். இருபது சதவீத மருந்தானால் ஒரு லிட்டருக்குப் பத்தொன்பது லிட்டர் தண்ணீர். வாடை தலையைச் சுற்றும். நரம்பைத் தாக்கும் வகை. அமெரிக்காவில் 2000-க்குப் பிறகு வீட்டு உபயோகத்திலிருந்து படிப்படியாக விலக்கிவிட்டார்கள். குழந்தைகள் தரையில் தவழும் வீட்டில் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி போதும். வாடை இல்லாததால் கரையானுக்கு அங்கே மருந்து இருப்பது தெரியாது. அதன் மேல் நடந்து, ஒன்றையொன்று நக்கி, மற்றவற்றுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். பைஃபென்த்ரின் கரையானைக் கிட்டவிடாமல் விரட்டும், ஆனால் மீனுக்குக் கொடிய நஞ்சு. கொல்லையில் குளமோ பின்பக்கம் வாய்க்காலோ இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். எதுவானாலும் சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் முன்னால் உடைத்து, உங்கள் முன்னால் கலக்கச் சொல்லுங்கள்.

புற்று விஷயத்துக்கு வருவோம். இந்த மண்ணில் புற்றை இடிக்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். திருவாரூரில் மூலவரே புற்றிடங்கொண்டார். தஞ்சாவூர் புன்னைநல்லூரில் மாரியம்மன் திருமேனி புற்றுமண்ணால் ஆனது; அதனால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புதான். கொல்லை மூலையில் ஒரு புற்றுக்குப் பால் ஊற்றி மஞ்சள் தெளிக்கும் வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் புற்றுக் கரையான்கள் உள்ளே பூஞ்சைத் தோட்டம் வளர்ப்பவை. மழைக்குப் பிறகு புற்றோரம் முளைக்கும் காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வருவதுதான். சருகு, சாணம், செத்த கட்டை இவையே அவற்றுக்கு முக்கிய உணவு. வீட்டு மரத்துக்கும் வரும், ஆனால் பெரிய சேதம் செய்கிறவற்றில் புற்றே வைக்காமல் மண்ணுக்குள் மறைந்து வாழும் இனங்களும் உண்டு. எனவே புற்று இருப்பதாலேயே வீடு போய்விடும் என்றும் இல்லை, புற்றை இடித்தால் வீடு தப்பிவிடும் என்றும் இல்லை. மேல்மண்ணை இடித்தாலும் கூடு அடியில் இருக்கும். சில வாரத்தில் திரும்பக் கட்டிவிடும். அது அங்கேயே இருக்கட்டும். வீட்டுப்பக்கம் மட்டும் சருகும் விறகும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈசல் பறந்தால் அதே மாதிரி ஒரு பயம் வருகிறது. மழை விட்ட சாயங்காலம் தெருவிளக்கைச் சுற்றி ஆயிரக்கணக்கில் பறக்கும், காலையில் திண்ணை முழுக்க இறகு கிடக்கும். அதில் பெரும்பகுதி பல்லிக்கும் காக்கைக்கும் கரிச்சானுக்கும் போய்விடும். அந்தக் காலத்தில் நாமும் அரிசியோடு வறுத்துத் தின்றவர்கள்தான். ஜன்னல் வழியே விளக்குக்கு வந்த ஈசலைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. விளக்கை அணைத்தால் போய்விடும். ஆனால் கதவு ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும்போது தரை விரிசலிலிருந்தோ நிலையோரத்திலிருந்தோ வரிசையாகக் கிளம்பினால், வீட்டுக்கடியில் பல வருஷக் கூடு இருக்கிறது என்று பொருள். ஈசல் விடும் அளவுக்கு வளர ஒரு கூட்டுக்குச் சில வருஷம் பிடிக்கும். அந்த விரிசலைக் குறித்து வைத்துக்கொண்டு மாசி வரை பொறுங்கள்.

ஆளைக் கூப்பிடும் முன் இன்னொன்று. மூங்கில் கழியிலும் பழைய கட்டிலிலும் மாவு மாதிரி தூள் கொட்டினால் அது கரையான் வேலை இல்லை, மரத்தைத் துளைக்கும் சின்ன வண்டான உளுவின் வேலை. கரையான் தின்ற இடத்தில் மண் இருக்கும். உளு தின்ற இடத்தில் குண்டூசித் துளையும் மாவும் இருக்கும். அதற்குத் தரையைத் துளைத்து மருந்து ஊற்றுவது வெட்டிச் செலவு. வெட்டிய மூங்கிலைச் சில வாரம் குளத்தில் ஊறப்போட்டு எடுத்தால் உள்ளிருக்கும் மாவுச்சத்து கரைந்து, உளு அவ்வளவாக அண்டாது. ஏற்கெனவே உளுத்த சாமானில் துளைக்குள் ஊசியால் மருந்து ஏற்றி மெழுகால் அடைக்கலாம், இல்லை அந்தச் சாமானையே வீட்டைவிட்டு வெளியேற்றலாம்.

கடைசியாக, கிணறு, கைப்பம்பு, போர் இருக்கும் பக்கத்துச் சுவரோரம். டெல்டாவில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் அங்கே மண்ணில் மருந்து இறக்குவதை அடியோடு விட்டுவிடுவதே சரி. அந்தப் பக்கத்து நிலையில் மட்டும் சின்னத் துளை போட்டு மரத்துக்குள் மருந்து ஏற்றலாம். விரிசல்களைச் சிமென்ட்டால் அடைக்கலாம். மாதம் ஒரு முறை டார்ச் அடித்து ஓரம் பார்க்கலாம். மருந்து வைப்பவர் "ஒண்ணும் ஆகாது" என்பார். அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது அவர் இல்லை.